கைபேசியில் இசை செய்யும் நம் பிள்ளைகளிடம் நாம் கேட்கும் மூன்று கேள்விகள்

நம் குடியிருப்புகளில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று கைபேசியில் இசை உருவாக்குகிறது என்று தெரிந்தால், சுற்றியிருக்கும் பெரியவர்கள் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கிறோம். வீட்டில் கேட்பது: "படிப்பு என்ன ஆவுறது?" மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் கேட்பது: "பறை கத்துக்கலாமே, அதுதானே நம்ம இசை?" இயக்கத் தோழர்கள் கேட்பது: "ஏப்ரல் 14க்கு ஒரு பாட்டு போட்டுத் தர்றியா தம்பி?"

மூன்றுமே அக்கறையில் பிறக்கும் கேள்விகள்தான். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளை என்ன செய்திருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று மூன்றும் யோசிக்கின்றன. ஒன்று குடும்பத்துக்குப் பயன், ஒன்று பண்பாட்டுக்குப் பயன், ஒன்று இயக்கத்துக்குப் பயன். ஒரு தலித் பிள்ளைக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு ஆசை இருக்கக்கூடாதா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவதாகிவிடும். அதனால் எனக்குத் தெரிந்த ஒரு பையனை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் இருக்கிறான். நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த வீட்டை இடித்து, எட்டு மாடிக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவனுடையது. பிளஸ் ஒன் வணிகவியல் படிக்கிறான். அப்பா சாவு மேளக் குழுவில் வாசிக்கிறவர். அம்மா ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிறார்.

ஒன்றரை வருடமாக இந்தப் பையனுக்கு இசை செய்வதுதான் பித்து. பாடுவது இல்லை, ஆடுவது இல்லை, 'ராப்' எழுதுவதும் இல்லை. பேண்ட்லேப் என்ற இலவசச் செயலியை இறக்கி, அதில் ஒலிகளை அடுக்குகிறான். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் இயர்போன். தண்ணீர் லாரி வரும்போது பிளாஸ்டிக் குடங்கள் இடித்துக்கொள்ளும் சத்தம், லிப்ட் கதவு பாதியில் நின்று உறுமும் சத்தம், மொட்டை மாடியில் காற்று தகரத்தை அடிக்கும் சத்தம் எல்லாவற்றையும் பதிவு செய்து, வெட்டி, தாளமாக்குகிறான். மூன்று நிமிடம், நான்கு நிமிடம் நீளும் துண்டுகள். ஒன்றில்கூட ஒரு சொல் கிடையாது.

முதல் கேள்வி: படிப்பு

அம்மாவின் பயத்தைக் கேலி செய்யும் உரிமை நமக்கு இல்லை. "ராத்திரி பூரா போனை நோண்டினே கீறான் மேடம், இவனும் நாளைக்கு எங்கள மாரியே நிக்கணுமா?" என்று அவர் கேட்கும்போது அதில் மூன்று தலைமுறையின் கணக்கு இருக்கிறது. பள்ளிப் படிப்பும் இட ஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும்தான் நம்மில் பலரை இங்கே கொண்டுவந்து சேர்த்தன. "கனவைத் துரத்து, மார்க் முக்கியமில்லை" என்று சினிமா வசனம் பேசுவது, சறுக்கினால் பிடிக்க அப்பாவிடம் பணம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சரி. நம் பிள்ளை சறுக்கினால் தரையில்தான் விழும்.

ஆனால் இசையும் படிப்பும் எதிரெதிர் என்று யார் சொன்னது? இந்தப் பையன் என்ன கற்றுக்கொண்டிருக்கிறான் என்று உட்கார்ந்து பார்த்தேன். செயலியின் திரையில் ஒரு கட்டம் ஓடும். ஒரு சுற்றைப் பதினாறு பெட்டிகளாகப் பிரித்திருப்பார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்று வேகம் வைத்தால், ஒரு அடிக்கு அரை நொடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு பெட்டிக்கு 125 மில்லி நொடி. பதினாறு பெட்டி முடிய இரண்டு நொடி. இதைப் பின்னக் கணக்கில் தடுமாறும் ஒரு பிள்ளை வாயாலேயே சொல்கிறது.

ஒருநாள் வந்து, "அக்கா, இயர்போன்ல அடி நல்லா இறங்குது, ஸ்பீக்கர்ல போட்டா காணாமப் போவுது, ஏன்?" என்று கேட்டான். கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியில் சுமார் 200 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஒலி சரியாக வராது. அவன் போட்டிருந்த கீழ்த்தாளம் 50 ஹெர்ட்சை ஒட்டியது. அதிர்வெண், அலைநீளம், காற்றைத் தள்ள ஏன் பெரிய கூம்பு வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் நடத்தினார். வணிகவியல் எடுத்த பையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதில் எளியது. நேரத்தைப் பேசி முடிவு செய்யலாம். வீட்டுப்பாடம் முடிந்தபின் இத்தனை மணி நேரம், பரீட்சை மாதத்தில் இத்தனை, இரவு பத்து மணிக்கு மேல் கைபேசி அம்மா கையில். இப்படிப் பேசித்தான் அந்த வீட்டில் சண்டை அடங்கியது. பேச வேண்டியது நேரத்தைப் பற்றி. ஆசையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால், அது பிள்ளையிடம் இருந்து போய்விடாது, போர்வைக்குள் போய்விடும்.

இரண்டாவது கேள்வி: "நம்ம இசை"

இதுதான் கொஞ்சம் சிக்கலான இடம். தோழர்கள் கோபப்படாமல் படிக்க வேண்டும்.

பறை நமக்கு என்ன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து வந்து அடிக்க வேண்டும் என்பது கலையாக நம்மிடம் வரவில்லை, கட்டாய வேலையாக வந்தது. மறுத்தவர்கள் அடிவாங்கினார்கள், ஊர் விலக்கம் பெற்றார்கள். "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்ததும் நம் போராட்டம்தான். அதே பறையை இழிவிலிருந்து மீட்டு, மேடையில் ஏற்றி, பெண்கள் கையிலும் கொடுத்து விடுதலையின் ஒலியாக்கியதும் நம் போராட்டம்தான். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம்மில் யார்தான் மகிழவில்லை?

ஆனால் இந்த இரண்டு போராட்டத்துக்கும் அடியில் இருப்பது ஒரே கொள்கை: யாரும் பிறப்பால் ஒரு வாத்தியத்துக்குக் கட்டப்பட்டவர் இல்லை. பறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்மையான உரிமையாக இருக்க வேண்டுமென்றால், தேர்ந்தெடுக்காமல் இருக்கும் உரிமையும் உடன் இருக்க வேண்டும். "உன் ரத்தத்திலேயே தாளம் ஓடுதுடா" என்று நாம் பாராட்டாகச் சொல்கிறோம். பிறப்பை வைத்துத் தொழிலை ஒதுக்குகிறவன் பேசுவதும் இதே இலக்கணம்தான். 'சாதி ஒழிப்பு' படித்த நாம் இதைக் கவனிக்க வேண்டாமா?

அந்தப் பையனின் அப்பா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "இந்த மேளம் என் தோளோட போவட்டும்மா. அவன் தொட வேணாம்." அவர் கலையை வெறுக்கிறவர் இல்லை. அவர் கையில் இருக்கும் நுட்பம் எனக்குத் தெரியும். அந்த நுட்பத்துக்குக் கிடைத்த மரியாதையும் அவருக்குத் தெரியும். மகன் மேளத்தைத் தொடவில்லை. ஆனால் அப்பா வாசிப்பதை ஒருநாள் பதிவு செய்து செயலிக்குள் போட்டான். அங்கே ஒரு வேடிக்கை நடந்தது. இந்தச் செயலிகளில் தாளத்தைக் கட்டத்துக்குள் தானாக இழுத்துச் சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு. அதை அழுத்தினால் அப்பாவின் அடி செத்துவிட்டது. கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் விழுவதும், கொஞ்சம் பிந்தி விழுவதும்தான் அந்த வாசிப்பின் உயிர். பையன் 'சரிசெய்'வதை நிறுத்திவிட்டு, கட்டத்தில் இருந்த மற்ற ஒலிகளை எல்லாம் அப்பாவின் அடிக்கு ஏற்ப நகர்த்தினான். யாரும் அவனுக்குப் பாரம்பரியம் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. தானாகப் போய், தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டான். மரபோடு உறவு இப்படியும் நடக்கும், நாம் கட்டாயப்படுத்தாமல் இருந்தால்.

"மின்னணு இசை மேல்தட்டு இசையாச்சே, நட்சத்திர விடுதி இசையாச்சே" என்றும் சிலர் சொல்கிறார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு பார்க்கலாம்.

அமெரிக்காவின் டெட்ராயிட், கார் தொழிற்சாலைகளின் நகரம். ஆலைகள் மூடப்பட்டு வேலை போய்க்கொண்டிருந்த காலத்தில், அருகே பெல்வில் என்ற ஊரில் ஒன்றாகப் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன், இயந்திரங்களை வைத்து ஒரு புதிய இசையை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் டெக்னோ என்று அழைப்பது அதைத்தான். அவர்கள் கையில் என்ன இருந்தது? ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 போன்ற தாள இயந்திரங்கள். அந்த 808 சந்தையில் தோற்ற பொருள். உண்மையான டிரம் மாதிரி ஒலிக்கவில்லை என்று சொல்லி வசதியானவர்கள் ஒதுக்கினார்கள், 1983இல் உற்பத்தியே நின்றது. பழைய கருவிக் கடைகளில் மலிவாக விழுந்ததை எடுத்துத்தான் கறுப்பின இளைஞர்கள் ஹிப் ஹாப்பையும் நடன இசையையும் கட்டினார்கள். வேண்டாம் என்று போடப்பட்ட பொருளிலிருந்து உலக இசை ஒன்று எழுந்த கதை இது. இதை மேல்தட்டு இசை என்று நாம் ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும்?

இந்தியாவில் கதை வேறு. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் உதவியோடு 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசர் ஒன்றை வைத்து ஒரு மின்னணு இசைக்கூடம் தொடங்கப்பட்டது. அருமையான பரிசோதனைகள் நடந்தன. ஆனால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகக்கூடியவர்கள் எத்தனை பேர்? 1982இல் மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 808ஐயும் டிபி-303ஐயும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதைக் கவனிக்க ஆளில்லை. 2010இல் மறுவெளியீடு ஆன பிறகுதான் உலகம் வாய்பிளந்தது. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜாவின் கணினி வழி இசை பேசப்பட்டபோதும், அந்தக் கருவி பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

வாத்தியத்தைச் செய்பவர் ஒருவர், அதை வாசித்துப் பெயர் வாங்குபவர் இன்னொருவர் என்பது இங்கே பழைய ஏற்பாடு. மிருதங்கத்துக்குத் தோல் எடுத்து, பதப்படுத்தி, நாதம் வரும்வரை உழைக்கும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. ஒரு கருவியை யார் உருவாக்கினார் என்று பேசுவதற்குக்கூட இங்கே அரங்கம் கிடைக்காது.

இந்த வரலாற்றில் வைத்துப் பாருங்கள். இன்று பெரும்பாக்கத்தில் ஆறாவது மாடியில் இருக்கும் பையன் கையில், வாத்தியமும் ஒலிப்பதிவுக் கூடமும் ஒரே பொருளாக இருக்கின்றன. யார் வீட்டுத் திண்ணையிலும் நின்று கற்க வேண்டியதில்லை. யார் சபாவிலும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தொழில்நுட்பம் சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்லவில்லை, அந்த மாயை எனக்கு இல்லை. ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதில் நுழையும் பிள்ளையை, "இது உன் வாசல் இல்லை, உன் வாசல் அந்தப் பக்கம்" என்று நாமே திருப்பி அனுப்பக் கூடாது.

மூன்றாவது கேள்வி: செய்தி என்ன?

'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது நமக்கெல்லாம் ஒரு திருப்பம். பா. இரஞ்சித்தும் டென்மாவும் சேர்ந்து கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடையில் கொண்டுவந்தார்கள். பஞ்சாபில் ஜின்னி மாஹி தன் சாதிப் பெயரையே பெருமையாகப் பாடி வசையின் பல்லைப் பிடுங்கினார். இந்தப் பாடல்கள் செய்த வேலையை ஆயிரம் துண்டறிக்கை செய்திருக்காது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர்கள் வழி திறந்துவிட்டார்கள் என்பதற்காக, பின்னால் வரும் ஒவ்வொரு பிள்ளையும் அதே வழியில்தான் நடக்க வேண்டுமா? இந்தப் பையனை ஒரு நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். அவன் போட்டுக் காட்டினான். ஏற்பாட்டாளர் தோழர், "நல்லாருக்கு தம்பி, ஆனா இதுல செய்தி என்ன? நாலு வரி சேர்த்துடேன்" என்றார். பையன் சரி என்று தலையாட்டிவிட்டு நிகழ்ச்சிக்கு வரவில்லை. அவனிடம் கேட்டபோது, "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லக்கா. கேக்க வைக்கணும், அவ்ளோதான்" என்றான்.

இதை அரசியல் அறியாமை என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். நான் அப்படி எடுக்கவில்லை. ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளை வீணையோ கீபோர்டோ வாசித்தால், "உன் சமூகத்தின் வலி எங்கே?" என்று யாரும் கேட்பதில்லை. அவனுக்கு இசை இசையாகவே அனுமதிக்கப்படுகிறது. நம் பிள்ளைக்கு மட்டும் இசை என்பது சாட்சியமாக இருக்க வேண்டும், வாக்குமூலமாக இருக்க வேண்டும், வலியாக இருக்க வேண்டும். வலியைக் காட்டினால்தான் மேடை என்றால், அதுவும் ஒரு ஒதுக்கீடுதான், நாம் கேட்காத ஒதுக்கீடு.

அண்ணல் அம்பேத்கர் பிற்காலத்தில் ஆசிரியர் வைத்து வயலின் கற்றார். சட்டமும் நாடாளுமன்றமும் நூல்களும் உடல்நலக் குறைவும் நெருக்கிய ஆண்டுகள் அவை. அந்த வயலினால் இயக்கத்துக்கு என்ன பயன் என்று யாரும் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது, கற்றார். அவருடைய கோட்டையும் புத்தகத்தையும் சிலையில் வடித்த நாம் வயலினை மறந்துவிட்டோம்.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் நம்மை விட்டுப் போன ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசையும், விண்மீன்கள் மீதிருந்த காதலும் அதில் இருந்தன. ஒரு மனிதரைக் கையில் கிடைக்கும் உடனடி அடையாளமாகச் சுருக்கிவிடும் சமூகத்தைப் பற்றிய வேதனையும் இருந்தது. அந்தச் சுருக்கலை எதிர்த்து முழக்கமிடும் நாம், நம் வீட்டுப் பிள்ளையிடம் அதையே சின்ன அளவில் செய்யலாமா?

"அப்படியென்றால் கலை கலைக்காகவே என்கிறீர்களா?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு பதில். இல்லை. இந்த நாட்டில் ஒலி ஒருபோதும் வெறும் ஒலியாக இருந்ததில்லை. 2015 மே மாதம் மகாராட்டிரத்தின் சீரடியில் ஒரு தலித் மாணவரின் கைபேசி ஒலித்தது. அம்பேத்கரைப் பற்றிய பாடல் அழைப்பொலி. அதற்காக அவரைத் தூக்கிப் போய்க் கொன்றார்கள். எந்த ஒலி எந்தத் தெருவில் எவ்வளவு சத்தமாகக் கேட்கலாம் என்பது இங்கே சாதி வகுத்த எல்லை. அந்த எல்லைக்குள் வாழும் ஒரு பிள்ளை, எவரிடமும் அனுமதி கேட்காமல், எவருக்கும் விளக்கம் சொல்லாமல், தனக்குப் பிடித்த ஒலியை உண்டாக்கி உலகத்துக்கு முன் வைப்பதே அரசியல்தான். நாலு வரி சேர்த்தால்தான் அது அரசியலாகும் என்பதில்லை. அவன் நாளைக்கே வரிகள் எழுதலாம், எழுதாமலும் போகலாம். அந்த முடிவு அவனுடையது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி: இது யார் பெயரில் இருக்கிறது?

உண்மையில் நாம் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அங்கே நாம் யாரும் நிற்பதில்லை.

அக்கம்பக்கத்தில் திருமண நிகழ்ச்சிகளுக்கு இசை போடும் ஒருவர் இந்தப் பையனிடமிருந்து நான்கு துண்டுகளை வாங்கினார். கையில் 300 ரூபாய் கொடுத்தார். இரண்டு வாரத்தில் அவை அவர் பெயரில் இணையத்தில் இருந்தன. பையனுக்குத் தன் சத்தம் கூட்டத்தில் ஒலிப்பதே பெரிய சந்தோஷம். "பரவால்லக்கா" என்றான். அந்தப் 'பரவால்ல'வைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன். உழைப்பு நம்முடையது, பெயர் இன்னொருவருடையது என்பதை நம் பிள்ளைகள் இவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொள்ள எங்கே கற்றார்கள்?

பெரிய மேடையிலும் இதைப் பார்த்தோம். 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யை உலகமே கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அந்தப் பாடலைப் பற்றிப் பேசப்பட்டபோது, எழுதிப் பாடிய அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அவருக்குத் தனியாக ஒரு இணைய அட்டை வந்தது. அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமல் அந்தப் பாடல் ஒலித்தபோது, பாடலை உருவாக்கியதில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறாகப் பேசினார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாடலிலிருந்து தங்கள் மூவருக்கும் வருமானம் எதுவும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இதில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அவ்வளவு புகழ்பெற்ற பாடலுக்கே இந்த நிலை என்றால், ஒரு பதினாறு வயதுப் பையனின் கைபேசிக் கோப்புக்கு என்ன பாதுகாப்பு?

சட்டம் கொஞ்சம் நம் பக்கம் இருக்கிறது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக ஓர் இசையை இயற்றிப் பதிவு செய்த கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறான எண்ணம். சொல் இல்லாத இசையும் இசைப்படைப்புதான், அதை இயற்றியவர் அதன் ஆசிரியர். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். 2012இல் வந்த திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்கு வரவேண்டிய ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்தாலும் விட்டுவிட முடியாத பாதுகாப்பு இருக்கிறது. 18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன்படி செல்லாது. ஆகவே யாராவது காகிதம் நீட்டினால் பிள்ளையோ பெற்றோரோ அங்கேயே கையெழுத்துப் போடக்கூடாது. வழக்கறிஞர் தோழர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் பேச்சு.

சட்டத்துக்கு முன்னால் சின்னச் சின்னப் பழக்கங்கள் உண்டு. முடித்த ஒலிக்கோப்பை மட்டும் கொடு, அடுக்குகள் பிரிந்திருக்கும் மூலக் கோப்பை யாருக்கும் கொடுக்காதே. அதுதான் நீ செய்தாய் என்பதற்கு உன்னிடம் இருக்கும் சான்று. யாருக்கும் அனுப்பும் முன் உன் பெயரில் உன் கணக்கில் முதலில் ஏற்று, தேதி பதிவாகட்டும். நண்பனோடு சேர்ந்து செய்தால் யார் பங்கு எவ்வளவு என்று அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது எழுதிக்கொள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது உன் பெயரையும் சேர். இதையெல்லாம் சொல்லித் தர நமக்கு ஒரு மாலை போதும்.

இடமும் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒலிப்பதிவு எப்படிச் செய்வது? நம் மாலை வகுப்புகளிலும் படிப்பகங்களிலும் கேரம் போர்டுக்கு இடம் இருக்கிறது. ஒரு பழைய மடிக்கணினிக்கு இல்லையா? 2011இல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை எத்தனை வீடுகளில் பரணில் தூங்குகின்றன. எல்.எம்.எம்.எஸ்., ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இலவசம். இரண்டு காதும் வேலை செய்யும் ஒரு ஹெட்போன், வாரத்தில் இரண்டு மாலை பூட்டாத ஒரு அறை. தொடங்க இது போதும். அந்த அறைக்குப் பெண் பிள்ளைகளும் வருவதற்கு நாம் தனியாக முயற்சி எடுக்க வேண்டும். கைபேசி ஒன்றே இருக்கும் வீட்டில் அது அண்ணன் கையில்தான் இருக்கும், தங்கைக்கு வராது. ஆசை இல்லாததால் அவள் வரவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

மாணவத் தோழர்களே, உங்களில் பலருக்கு இந்தப் பையனைவிட நாலைந்து வயதுதான் கூட. உங்கள் தெருவிலும் விடுதியிலும் இப்படி ஒருவன், ஒருத்தி இருக்கக்கூடும். வரும் ஏப்ரல் 14க்கு மேடை போடும்போது பேச்சுக்கும் பாட்டுக்கும் பறைக்கும் நடுவே பதினைந்து நிமிடம் அவர்களுக்குக் கொடுங்கள். என்ன போட வேண்டும் என்று சொல்லாதீர்கள். துண்டறிக்கையில் மற்றக் கலைஞர்களின் பெயர் இருக்கும் அதே அளவு எழுத்தில் அவர்கள் பெயரையும் அச்சிடுங்கள். அண்ணலின் படத்துக்கு முன்னால் சொல்லே இல்லாத ஒரு இசை பதினைந்து நிமிடம் ஒலித்தால் என்ன ஆகும்? சிலர் எழுந்து டீ குடிக்கப் போவார்கள், சிலர் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்தவர்கள் அந்தப் பிள்ளையிடம் போய், "அந்தக் குடம் மாதிரி ஒரு சத்தம் வந்துச்சே, அதை எப்படிப் பண்ண?" என்று விசாரிக்கட்டும்.